ஊருணித் தண்ணீரை அளக்கும் பை: கட்டியது, மாற்றியது, ஆன செலவு

ஒரே காலையில், ஒரே கரையில், இரண்டு பேர் தனித்தனியாக எடுத்த கரைந்த ஆக்சிஜன் அளவுகள் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் வித்தியாசத்துக்குள் ஒத்துவந்தன. இந்தப் பதிவை எழுதலாம் என்ற நம்பிக்கை அதற்குப் பிறகுதான் வந்தது. கருவிகளை வாங்குவது சுலபம். இரண்டு பேர் அளந்தால் ஒரே எண் வரும்படி செய்வதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் தங்கள் ஊர் ஊருணியையோ கண்மாயையோ தொடர்ந்து கண்காணிக்க நினைக்கும் தன்னார்வலர்களுக்காக இதை எழுதுகிறேன். வற்றாத ஆறு இல்லாத பகுதி இது. கூரையில் விழுந்த மழை வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) இறங்கி, தெருவுக்குப் போய், வரத்துக்கால் வழியாக ஊருணியில் சேரும்படி ஊரையே சரித்துக் கட்டியிருக்கிறார்கள். இன்று அதே சரிவில் வீட்டுக் கழிவுநீரும் பல இடங்களில் இறங்குகிறது. ஊருணியின் தண்ணீர் எப்போது, எந்தப் பக்கமிருந்து கெடுகிறது என்று காட்ட எண்கள் வேண்டும். அந்த எண்களை எடுக்கும் கருவிகள் அடங்கிய பைதான் இது.

இடம், மட்டம், நேரம்

கருவி வாங்கும் முன் இடத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஓர் ஊருணிக்கு மூன்று இடங்கள் போதும். வரத்துக்கால் வந்து விழும் வாய் ஒன்று, ஜனங்கள் புழங்கும் படித்துறை ஒன்று, இரண்டுக்கும் எட்டத்தில் எதிர்க்கரையில் ஒன்று. ஊருணியின் பொதுவான நிலையைச் சொல்வது மூன்றாவது இடம். படித்துறையில் மட்டும் அளந்தால் அன்றைக்கு யார் துணி துவைத்தார்கள் என்பதைத்தான் அளந்திருப்போம்.

ஒவ்வொரு இடத்திலும் கரையிலிருந்து 2 மீட்டர் தள்ளி, 30 செ.மீ. ஆழத்தில் எடுக்க வேண்டும். தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. கால் பட்டதும் அடியிலிருக்கும் வண்டல் கிளம்பிவிடும். செம்மண் வண்டல் மறுபடி படிய வெகுநேரம் ஆகும், அதற்குள் எடுத்த எதுவும் பயன்படாது.

நீர்மட்டம் அளக்கத் தனிக் கோல் நட வேண்டியதில்லை. செம்புறாங்கல் படிகளே அளவுகோல். மேல்படியை 1 என்று வைத்துக் கீழ்நோக்கி எண்ணி, பக்கச்சுவரில் வெள்ளைப் பெயின்டால் எண் எழுதிவிட்டால் போதும். ‘7ஆம் படிக்குக் கீழே 6 செ.மீ.’ என்று யாரும் குறிக்கலாம். பழைய படிகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்காது. கோடையில் தண்ணீர் இறங்கியிருக்கும்போது ஒவ்வொரு படியின் உயரத்தையும் டேப்பால் அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பக்கம் இல்லாமல் மற்ற எண்களுக்குப் பாதி அர்த்தம் போய்விடும். ஏன் என்று உப்பைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

நேரம் காலை 6 மணியிலிருந்து 6.30க்குள். ஆரம்பத்தில் பள்ளி விட்ட பிறகு மாலை 4 மணிக்கு அளப்பதாகத்தான் ஏற்பாடு. மாணவர்களுக்கு அது வசதி. ஆனால் பாசி பிடித்துப் பச்சையாக இருந்த ஊருணியில் ஆக்சிஜன் பிரமாதமாக இருப்பதாக அட்டவணை சொன்னது. காரணம் எளிது. பகல் முழுக்க வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடுகிறது. கரைந்த கரியமில வாயுவை அது உறிஞ்சிக்கொள்வதால் பி.எச். அளவும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) மதியத்துக்கு மேல் 9ஐத் தாண்டும். இரவில் அதே பாசியும் அடிச்சேறும் ஆக்சிஜனைத் தின்கின்றன. விடியும் நேரத்தில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும், மீன் செத்து மிதப்பதும் அந்த நேரத்தில்தான். அதனால் மாலை அளவுகளை எல்லாம் தனித்தாளில் ஒதுக்கிவிட்டு, காலை அளவுகளை மட்டும் வரைபடத்தில் ஏற்றுகிறோம். மாதத்தில் ஒரு நாள் மட்டும் காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இரண்டு தடவை எடுப்பது நல்லது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிதாகிக்கொண்டே போனால் பாசி பெருகுகிறது என்று கண்ணுக்குத் தெரியும் முன்பே தெரிந்துவிடும்.

தண்ணீர் எடுக்கும் ஜாடி

பையிலேயே அதிகம் மாற்றப்பட்ட உருப்படி இது. பி.எச்., உப்பு, கலங்கல் பார்க்க, 3 மீட்டர் நீள முக்கால் அங்குல பி.வி.சி. குழாயின் நுனியில் ஹோஸ் கிளிப்பால் இறுக்கிய 500 மி.லி. வாயகன்ற பாட்டில் போதும். பாட்டிலுக்கு ஒரு தக்கையும், தக்கையில் நைலான் கயிறும் வேண்டும். தக்கையோடு 30 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, கயிற்றைச் சுண்டி இழுத்தால் அந்த ஆழத்துத் தண்ணீர் நிரம்பும். தக்கை இல்லாமல் முக்கினால் மேலே மிதக்கும் பாசி, எண்ணெய்ப் படலம், தூசி எல்லாம் முதலில் உள்ளே போய்விடும்.

ஆக்சிஜனுக்கு இந்தப் பாட்டில் உதவாது. கொடகொடவென்று நிரம்பும்போது வெளிக்காற்று கலந்து, ஆக்சிஜன் குறைவான தண்ணீரில் அளவை உயர்த்திக் காட்டும். வேண்டியது காற்றுக் குமிழி படாமல் நிரம்பும் ஒரு ஏற்பாடு. அதை இப்படிக் கட்டினோம்.

2 லிட்டர் வாயகன்ற பிளாஸ்டிக் ஜாடி ஒன்று. திருகுமூடி இறுக்கமானதாக இருக்க வேண்டும். அதற்குள் 300 மி.லி. பி.ஓ.டி. பாட்டில் (ஆக்சிஜன் சோதனைக்கான, கண்ணாடித் தக்கை போட்ட பாட்டில்) நேராக நிற்க வேண்டும். பாட்டில் ஆடாமல் இருக்க ஜாடியின் அடியில் பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி ஒட்டி, நடுவில் பாட்டில் அடி அளவுக்குக் குழி வெட்டினோம். ஜாடி மூடியில் இரண்டு ஓட்டைகள். முதல் ஓட்டையில் 6 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய், பாட்டிலின் கழுத்து வழியாக இறங்கி அடியிலிருந்து 1 செ.மீ. உயரத்தில் நிற்கும், அதன் வெளிவாய் மூடிமட்டத்திலேயே முடியும். இரண்டாவது ஓட்டையில் இன்னொரு குழாய். உள்ளே மூடிக்கு அடியிலேயே முடியும், வெளியே 20 செ.மீ. மேல்நோக்கி நிற்கும்.

தண்ணீருக்குள் இறக்கியதும் கீழ்வாய் வழியாகத் தண்ணீர் பாட்டிலின் அடிக்குப் போகிறது, பாட்டில் நிரம்பி வழிந்து ஜாடியை நிரப்புகிறது, காற்று மேல்குழாய் வழியாக வெளியேறுகிறது. ஜாடி நிரம்பி முடிவதற்குள் பாட்டிலில் முதலில் காற்றோடு கலந்த தண்ணீர் பல தடவை மாறிவிடும். கடைசியில் நிற்பது காற்றுப் படாத தண்ணீர்.

இரண்டு குழாய்களின் வெளிவாயும் ஒரே உயரத்தில் இருந்தால் ஜாடி நிரம்பவே நிரம்பாது. தண்ணீர் உள்ளே வரவும் காற்று வெளியே போகவும் ஒன்றையொன்று தடுத்து நின்றுவிடும். மேல்குழாய் குறைந்தது 15 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். ஆழம் குறைந்த ஊருணியில் அதன் நுனி தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் பிழையில்லை. அதே போலக் குழாய் 6 மி.மீ.க்குக் குறைந்தால் தண்ணீர் துளித்துளியாகத் திணறும். சலைன் குழாயை வைத்துச் செய்த முதல் வடிவம் அதனால்தான் கைவிடப்பட்டது.

எடையும் யோசிக்க வேண்டியது. 2 லிட்டர் காற்று அடைத்த ஜாடியை மூழ்கடிக்க ஒரு செங்கல் போதாது. ஜாடி பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும். கல்லாக இருந்தால் தண்ணீருக்குள் அதன் எடையில் கணிசமான பங்கு குறைந்துவிடும், அதனால் மூன்றரைக் கிலோ வேண்டும். இரும்பு என்றால் இரண்டரைக் கிலோ போதும். பழைய இரும்புக் கடையில் வாங்கிய தட்டையான துண்டை ஜாடியின் அடியில் கட்டினோம். அடியில்தான் கட்ட வேண்டும், பக்கத்தில் கட்டினால் சாயும்.

கலங்கலைப் பார்க்கும் குழாய்

ஏரிகளில் தெளிவைப் பார்க்க 20 செ.மீ. விட்டத்தில் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி அடித்த செக்கி தட்டைக் கயிற்றில் இறக்குவது உலகெங்கும் வழக்கம். 1865இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி செய்த சோதனைகளிலிருந்து வந்தது அது. பெரிய கண்மாயில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது பரிசல் கிடைத்தால் அது சரி. ஊருணிக்கு ஒத்துவரவில்லை. தெளிந்த ஊருணியில் தட்டு தரையைத் தொட்ட பிறகும் தெரிந்துகொண்டிருக்கும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் வானத்தின் பிரதிபலிப்பு கண்ணைக் கூசும்.

அதற்குப் பதில் 1 மீட்டர் நீள, 4 செ.மீ. விட்ட அக்ரிலிக் குழாய். அடியில் மூடி ஒட்டி, மூடிக்குள் கறுப்பு வெள்ளைக் கால்வட்டங்கள் வரைந்த பிளாஸ்டிக் வில்லை. அடிப்பக்கத்தில் மீன்தொட்டிக் காற்றுக்குழாய்க்கு விற்கும் சிறு வால்வு. குழாயை நிரப்பி, மேலிருந்து நேராகக் கீழே பார்த்தபடி வால்வைத் திறந்து தண்ணீரை விட வேண்டும். வில்லையின் கறுப்பு வெள்ளை பிரிந்து தெரியும் கணத்தில் மூடி, நிற்கும் தண்ணீரின் உயரத்தை செ.மீ.யில் எழுதுகிறோம். நம் உடம்பின் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும், வெயில் நேரடியாகக் குழாயில் படக் கூடாது. குளிர் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிட வேண்டும். ஊற்றியதும் உடனே பார்க்க வேண்டும், மணல் படிந்துவிட்டால் அளவு தெளிவாகக் காட்டும்.

செ.மீ. எண்ணை என்.டி.யு. (கலங்கலின் அலகு) ஆக மாற்றும் அட்டவணைகள் கிடைக்கும். அவை அந்தந்தக் குழாய்க்குச் செய்தவை, கையால் கட்டிய குழாய்க்குப் பொருந்தாது. செ.மீ.யிலேயே எழுதி, அதையே ஒப்பிட்டால் போதும். உள்பக்கம் பாசி பிடித்தால் குச்சியில் பருத்தித் துணி சுற்றித் துடையுங்கள். பாத்திரம் துலக்கும் கம்பி நார் பட்டால் கீறல் விழுந்து, குழாய் எப்போதும் கலங்கலாகவே காட்டும். மூடி ஒட்டிய சிலிக்கோன் ஒரு முழுநாள் காயாமல் தண்ணீர் ஊற்றினால் ஒழுகும், மறுபடி பிய்த்து ஒட்டுவது பெரும்பாடு.

செம்மண் கலங்கல் ஊருணிக்குப் புதிதில்லை. அதைத் தெளிய வைக்கக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டை இழைத்தவர்கள் இந்தப் பக்கத்தார். மழைக்குப் பின் சிவப்புக் கலங்கல் வந்து மெல்லத் தெளிவது இயல்பு. மழையே இல்லாத மாதத்தில் பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ தெளிவு குறைந்தால் அது வேறு கதை. அதனால் செ.மீ.யோடு நிறத்தையும் ஒரு சொல்லில் எழுதிவிடுங்கள்.

பேனா மீட்டர்கள்

தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். பேனா சுமார் 400 ரூபாய், பி.எச். பேனா சுமார் 900 ரூபாய். இரண்டுமே சரிபார்க்காமல் நம்பக்கூடியவை இல்லை.

டி.டி.எஸ். பேனா உண்மையில் அளப்பது மின்கடத்துதிறனை. அதை 0.5ஆல் பெருக்கிக் காட்டும் பேனாவும் உண்டு, 0.7ஆல் பெருக்கும் பேனாவும் உண்டு. ஒரே தண்ணீர் ஒன்றில் 500 என்றும் இன்னொன்றில் 700 என்றும் தெரிந்தால் இரண்டும் பழுதில்லாமலேயே இருக்கலாம். முடிந்தால் மின்கடத்துதிறனை நேராகக் காட்டும் பேனாவாக வாங்கி, மைக்ரோசீமன்ஸ் அளவிலேயே எழுதுங்கள்.

சரிபார்க்கும் கரைசலை உள்ளூரிலேயே செய்யலாம். தூய பொட்டாசியம் குளோரைடு 0.7456 கிராம், 1 லிட்டர் தண்ணீரில். 25 டிகிரியில் அதன் கடத்துதிறன் 1413 மைக்ரோசீமன்ஸ். இந்த எடையை நிறுக்கச் சமையலறைத் தராசு உதவாது. நகைக்கடைத் தராசு மில்லிகிராம் வரை காட்டும், பழக்கமான கடையில் கேட்டால் நிறுத்துத் தருவார்கள். 0.746 கிராம் நிறுத்தால் போதும். உரக்கடைப் பொட்டாஷ் வேண்டாம், அதில் மற்ற உப்புகள் கலந்திருக்கும். தண்ணீருக்கு, பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடித்த நீர். அதிலும் முதலில் பேனாவை முக்கிப் பாருங்கள், ஒற்றை இலக்கத்துக்கு மேல் காட்டினால் அந்த கேன் சரியில்லை.

பி.எச். பேனாவுக்கு 4.00, 6.86, 9.18 என்று பொட்டலமாக விற்கும் பவுடர்கள். ஒவ்வொன்றையும் பொட்டலத்தில் சொன்ன அளவு வடித்த நீரில் கரைக்க வேண்டும். 9.18 என்பது 25 டிகிரி கணக்கு. நம் ஊர் மதிய வெப்பமான 35 டிகிரியில் அதே கரைசல் 9.10தான் காட்ட வேண்டும். அதைத் திருகித் திருகி 9.18க்குக் கொண்டுவந்தால் பேனாவைக் கெடுத்ததாகிவிடும். காலையிலேயே சரிபார்த்துவிடுவது இந்தச் சிக்கலைத் தவிர்க்கும். பேனாவின் கண்ணாடிக் குமிழ் காயக் கூடாது. மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசல் நனைத்த பஞ்சு இருக்க வேண்டும். வடித்த நீரில் ஊறவைத்தால் குமிழ் சீக்கிரம் செத்துவிடும்.

மழை முடிந்த புதிதில் ஊருணித் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அப்போது பி.எச். பேனா நிலைக்கு வர நேரம் எடுக்கும், எண் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். எண் அரை நிமிடம் அசையாமல் நின்ற பிறகு எழுதுங்கள்.

உப்பைப் படிக்கும்போதுதான் படிக்கட்டு எண்ணிக்கை வேலை செய்கிறது. பங்குனியில் டி.டி.எஸ். 300, வைகாசியில் 450 என்று வைத்துக்கொள்வோம். கழிவு கலந்துவிட்டது என்று கூப்பாடு போடத் தோன்றும். ஆனால் அதே காலத்தில் ஊருணியின் தண்ணீர் மூன்றில் இரண்டு பங்காக வற்றியிருந்தால் வெறும் வெயிலே 300ஐ 450 ஆக்கிவிடும். கசிந்து மண்ணுக்குள் போகும் தண்ணீர் உப்பையும் கொண்டுபோவதால் உண்மையில் 450க்குக் குறைவாகத்தான் வர வேண்டும். வற்றிய கணக்கைத் தாண்டி எண் ஏறினால் மட்டுமே ஏதோ உள்ளே வருகிறது என்று சொல்லலாம். மட்டம் எழுதாத நோட்டை வைத்துக்கொண்டு இந்த வாதத்தைக் கிராம சபையில் வைக்க முடியாது.

ஆக்சிஜன்

பேனா வடிவ ஆக்சிஜன் மீட்டர்கள் விலை அதிகம், சவ்வு மாற்றும் செலவும் உண்டு. வேதிக்கரைசல்களைச் சேர்த்து ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறை பழையது, நம்பகமானது. அடர் கந்தக அமிலமும், நஞ்சான சோடியம் அசைடும் இதில் வருவதால் மாணவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. வேதியியல் ஆசிரியர் ஒருவர் பொறுப்பில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை.

கரையில் செய்வது பாதி. ஜாடியிலிருந்து பி.ஓ.டி. பாட்டிலை எடுத்து, பிப்பெட் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மாங்கனீஸ் சல்பேட் கரைசல் 2 மி.லி., பிறகு கார அயோடைடு அசைடு கரைசல் 2 மி.லி. விட வேண்டும். மேலிருந்து சொட்டவிட்டால் காற்றும் கூடவே போகும். கண்ணாடித் தக்கையைச் சரித்துப் போட்டால் குமிழி சிக்காது. பல தடவை தலைகீழாகத் திருப்பினால் உள்ளே படிவு உருவாகும். பழுப்பு நிறமென்றால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் ஆக்சிஜனே இல்லை, அந்த ஒரு பார்வையே பெரிய சேதி. படிவு பாதிக்குக் கீழே இறங்கியதும் மறுபடி திருப்பி, மறுபடி இறங்கவிட்டு, அடர் அமிலம் 2 மி.லி. விட்டால் எல்லாம் கரைந்து மஞ்சள் கலந்த பழுப்புத் தண்ணீராகிவிடும். இனி அவசரமில்லை. இருட்டில் வைத்து, சில மணி நேரத்துக்குள் பள்ளி ஆய்வகத்துக்குக் கொண்டுபோகலாம்.

அங்கே 203 மி.லி. எடுத்து 0.025 நார்மல் வலுவுள்ள சோடியம் தயோசல்பேட்டை பியூரெட்டிலிருந்து துளித்துளியாக விட்டுப் பார்க்கிறோம். 203 என்பது விசித்திரமாகத் தோன்றும். முதலில் விட்ட 4 மி.லி. கரைசல்கள் அந்த அளவு ஊருணித் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டன, அதை ஈடுகட்டினால் 200 மி.லி. அசல் தண்ணீருக்குச் சமம். இப்படி எடுத்தால் செலவான ஒவ்வொரு மி.லி. தயோசல்பேட்டும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன், வேறு கணக்கே வேண்டாம். வைக்கோல் மஞ்சளுக்கு வந்ததும் ஸ்டார்ச் சில துளி, நீலம் மறையும் முதல் கணத்தில் நிறுத்த வேண்டும். சற்று நேரம் கழித்து நீலம் திரும்பும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இரண்டு பேர் அளவு ஒத்துவராததற்குக் கடைசியில் தெரிந்த காரணம் தயோசல்பேட்தான். வெளிச்சத்திலும் சூட்டிலும் அது வலுவிழக்கிறது. வலுவிழந்தால் அதிக மி.லி. செலவாகி, இல்லாத ஆக்சிஜனைக் காட்டும். இப்போது பழுப்புப் பாட்டிலில் குளிர்பெட்டியில் வைத்து, ஒவ்வொரு முறையும் பொட்டாசியம் டைகுரோமேட்டால் வலுவைச் சரிபார்த்துவிட்டே தொடங்குகிறோம். ஸ்டார்ச் கரைசலும் இந்த வெயிலில் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும், புதிதாகக் காய்ச்சுவதே மேல். சோற்றுக் கஞ்சி வைத்துப் பார்த்ததில் நிறம் கூர்மையாக மறைவதில்லை. கழிவைக் கரையில் கொட்டாமல் கேனில் சேர்த்து ஆய்வகத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

எண் வந்ததும் வெப்பநிலையோடு வைத்துப் பார்க்க வேண்டும். நன்னீர் 25 டிகிரியில் லிட்டருக்கு 8.26 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும், 30 டிகிரியில் 7.56, 35 டிகிரியில் சுமார் 6.95. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் குளிக்கும் நீர்நிலைக்குக் குறைந்தது 5, மீன் வாழ 4. விடிகாலையில் 4க்குக் கீழே இறங்கும் ஊருணியைக் கவலையோடு பார்க்க வேண்டும்.

கழிவை மட்கவைக்கக் கிருமிகள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்கின்றன என்று பார்க்கும் பி.ஓ.டி. சோதனையை நாங்கள் செய்வதில்லை. 27 டிகிரியில் 3 நாள் மாறாமல் வைக்கும் இன்குபேட்டர் அதற்கு வேண்டும். சூடு ஏறி இறங்கும் அறையில் வைத்து எடுத்த எண்ணை யாரிடமும் காட்ட முடியாது.

கிருமிச் சோதனை

எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) குப்பி மலத்திலிருந்து வரும் கிருமிகள் இருப்பதைக் காட்டுவது. குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 1982இல் வெளியிட்ட முறை. தண்ணீர் ஊற்றி ஒரு நாள் வைத்தால், கிருமி இருந்தால் அந்த வாயு உண்டாகிக் கறுக்கும். குழாய்த் தண்ணீருக்கும் கிணற்றுக்கும் இது போதும். திறந்த ஊருணியில் எப்போது எடுத்தாலும் கறுக்கத்தான் செய்யும். ஆடு மாடு, பறவை எல்லாம் வரும் இடம். அதனால் ‘கறுத்தது’ என்று வரிசையாக எழுதிய பக்கங்கள் எதையும் சொல்லவில்லை.

நீர்த்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் பயன் தெரிந்தது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 18 மி.லி.யில் ஊருணித் தண்ணீர் 2 மி.லி. கலந்தால் பத்தில் ஒன்று. அதிலிருந்து 2 மி.லி. எடுத்து இன்னொரு 18 மி.லி.யில் கலந்தால் நூறில் ஒன்று. எது கறுக்கிறது, எத்தனை மணி நேரத்தில் கறுக்கிறது என்று இரண்டையும் எழுத வேண்டும். நூறில் ஒன்று மாலைக்குள் கறுத்தால் வரத்துக்காலை மேல்நோக்கி நடந்து பார்க்க வேண்டிய நேரம். கொதித்த தண்ணீர் மட்டும் ஊற்றிய ஒரு குப்பி எப்போதும் கூட இருக்க வேண்டும், அது கறுத்தால் அன்றைய வரிசை முழுவதும் வீண். அடிச்சேற்றில் அழுகல் வாடை வீசும் இடத்துத் தண்ணீர் கிருமி இல்லாமலேயே கறுக்கக்கூடும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மார்கழி இரவுகளில் குப்பிகளைத் துணி சுற்றி, வெந்நீர்ப் பாட்டிலோடு தெர்மகோல் பெட்டியில் வையுங்கள். முடிந்ததும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்துத்தான் கொட்ட வேண்டும். குப்பி கறுக்கவில்லை என்பதை வைத்து ஒரு தண்ணீரைக் குடிக்கலாம் என்று யாருக்கும் சொல்லாதீர்கள். குடிநீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது.

நைட்ரேட், அம்மோனியா, பாஸ்பேட், இரும்பு ஆகியவற்றுக்குப் பஞ்சாயத்துகளுக்குக் கொடுக்கப்படும் களச் சோதனைப் பெட்டியே போதுமானது. அதிலுள்ள கரைசல்களின் காலாவதித் தேதியை மட்டும் முதலில் பாருங்கள்.

முதல் மழை

வரத்துக்காலில் என்ன வருகிறது என்று தெரிய, மழை தொடங்கிய முதல் ஓட்டத்தைப் பிடிக்க வேண்டும். ஐப்பசியில் அது பெரும்பாலும் இரவில் வரும், யாரும் நிற்க முடியாது. அதற்கு ஒரு டப்பா கட்டினோம். 1 லிட்டர் வாயகன்ற ஜாடியின் மூடியில் 25 மி.மீ. ஓட்டை. உள்ளே 40 மி.மீ. டேபிள் டென்னிஸ் பந்து. ஜாடி நிரம்பியதும் பந்து மிதந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும், பின்னால் வரும் தெளிந்த தண்ணீர் உள்ளே போகாது. காற்று வெளியேற மூடியில் 6 மி.மீ. குழாய் ஒன்று 30 செ.மீ. உயரத்துக்கு நிற்க வேண்டும். வாய் கால்வாய்த் தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும்.

இதைக் கல்லை வைத்து அழுத்தினால் முதல் வெள்ளத்திலேயே போய்விடும். தரையில் அடித்த ஜி.ஐ. குழாயில் இரண்டு கிளிப் போட்டு இறுக்க வேண்டும். வாய்க்கு மேல் கொசுவலைத் துணி வைத்தால் பாலிதீன் குப்பை அடைத்துக்கொள்ளும். அரை அங்குலக் கண் உள்ள கோழிவலை சரியாக இருந்தது. மழை நின்றதும் சீக்கிரம் எடுத்து கலங்கல், கடத்துதிறன், அம்மோனியா மூன்றையும் பாருங்கள். மழைத் தண்ணீரில் உப்பு குறைவாக இருக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் கடத்துதிறன் ஊருணியைவிட அதிகமாகவும், அம்மோனியா நிறம் அழுத்தமாகவும் இருந்தால் அந்தக் காலில் கழிவுநீர் தேங்கிக் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். வரத்துக்காலை மழைக்கு முன்பே சுத்தம் செய்யச் சொல்ல இதைவிட வலுவான சான்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

செலவும் அடுத்த மாற்றங்களும்

பேனாக்கள் இரண்டும் 1,300 ரூபாய், அக்ரிலிக் குழாயும் ஒட்டுப் பொருளும் சுமார் 900, ஆக்சிஜன் ஜாடி பாட்டிலோடு சுமார் 600, கோல், கயிறு, கிளிப்புகள் 350, வெப்பமானி 150. மருந்துகளும் குப்பிகளும் மாதத்துக்கு 500க்குள் அடங்குகின்றன. பியூரெட், பிப்பெட், டைகுரோமேட் எல்லாம் பள்ளி ஆய்வகத்தில் இருப்பவை. அது இல்லாத ஊரில், கடற்கரைப் பக்கம் இறால் பண்ணைகளுக்கு விற்கும் துளி எண்ணும் ஆக்சிஜன் பெட்டியை வாங்கலாம். துல்லியம் குறைவு, ஆனால் 3க்கும் 6க்கும் வித்தியாசம் காட்டும்.

நோட்டில் இப்போது இன்னொரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: ‘இன்று கரையில் நடந்தது’. மாசி, பங்குனியில் முளைப்பாரி கரைத்த நாள், விநாயகர் சிலை கரைத்த நாள், ஆகாயத்தாமரை அள்ளிய நாள் எல்லாம் அதில் வரும். முளைப்பாரியின் தழை அழுகும் சில நாட்களில் அந்த மூலையில் ஆக்சிஜன் இறங்குவதும் பிறகு ஏறுவதும் இயல்பு. காரணம் எழுதாவிட்டால் பின்னால் பார்ப்பவர் பயந்துவிடுவார்.

அடுத்த சுற்றில் பத்து மாதிரிக்கு ஒன்றை எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாமல் இரண்டாவது ஆளிடம் கொடுத்து மறுபடி அளக்கச் சொல்வது கட்டாயமாகிறது. மார்ச் 22 கிராம சபைக்குக் கொண்டுபோகும் தாளில் மூன்று வரைபடங்கள் மட்டும் போதும்: படிக்கட்டு மட்டம், விடிகாலை ஆக்சிஜன், கடத்துதிறன். கிருமிக் குப்பிகளைத் தட்டில் அடுக்கி நேரில் காட்டலாம், அதற்கு வரைபடம் வேண்டாம். ஜாடியின் மூடிக்கு ரப்பர் வளையம் மாற்ற வேண்டியிருக்கிறது, வெயிலில் கிடந்து வெடித்திருக்கிறது. புரட்டாசிக்குள் அதையும் வரத்துக்கால் டப்பாவின் பந்தையும் மாற்றிவிட வேண்டும். தயோசல்பேட் புதிதாகக் கரைக்க வேண்டியதும் அப்போதுதான்.